ரூட்டரைத் தொங்கவிட இன்செர்ட் பிளேட்டில் துளை போட்டது

மரத்தை வெட்டி வடிவம் கொடுக்கும் ரூட்டர் மெஷினை மேசைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கவிட்டால் அதுதான் ரூட்டர் டேபிள். மேசையில் பதித்து ரூட்டரைத் தாங்கும் இன்செர்ட் பிளேட்டாக நான் எடுத்தது 6 மி.மீ. அலுமினிய பிளேட். நடுவில் பிட் (ரூட்டரின் வெட்டும் அலகு) மேலே வருவதற்கான வட்டம் வெட்டியே வந்தது. ஆனால் ரூட்டரைப் பிடிக்கும் ஸ்க்ரூக்களுக்குத் துளை இல்லை. அதை நாமேதான் போட்டுக்கொள்ள வேண்டும். டிரில் ஓட்டுவது கொஞ்ச நேர வேலை. எங்கே ஓட்டுவது என்று குறிப்பதில்தான் பொழுது போகிறது.

ரூட்டரின் பிளாஸ்டிக் அடித்தட்டைக் கழற்றி, இருபக்க டேப்பால் பிளேட்டின் மேல் ஒட்டி, அதன் துளைகள் வழியாகவே குறிப்பதுதான் பலர் செய்வது. நல்ல வழிதான். ஆனால் தட்டு தலைகீழாகத் திரும்பிவிடக் கூடாது. துளைகள் சமச்சீராக இல்லாத ரூட்டர்களும் உண்டு. அப்போது குறிகள் கண்ணாடி பிம்பம் மாதிரி இடம் மாறிவிடும். அந்தக் குழப்பமே வேண்டாம் என்று நான் ரூட்டரை வைத்தே குறித்தேன்.

ரூட்டரின் இழைக்குப் பொருந்தும் ஸ்க்ரூக்களின் தலையை அறுத்து, அந்த முனையை அரத்தால் கூராக்கினேன். கூர்முனை வெளியே ஒரே உயரத்தில் சற்றே நீட்டியிருக்கும்படி அவற்றை அடிப்பகுதித் துளைகளில் திருகினேன். மையத்துக்கு, பிளேட்டின் வட்டத்தில் இறுக்கமாக உட்காரும் ஒரு மர வில்லையைக் கடைந்து, அதன் நடுவில் கோலெட்டின் (ரூட்டரில் பிட்டைப் பிடிக்கும் கவ்வி) உள்துளை அளவுக்கே துளையிட்டேன். பிளக்கைப் பிடுங்கிவிட்டு கோலெட்டில் நேரான எஃகுக் கம்பி ஒன்றைப் பூட்டினேன். பிளேட்டைக் கவிழ்த்துப் போட்டு, கம்பி வில்லைக்குள் இறங்கும்படி ரூட்டரை வைத்தேன். சுவிட்சும் உயரம் மாற்றும் திருகும் கைக்கு எட்டும் பக்கம் வரும்படி திருப்பிக்கொண்டு மேலிருந்து ஒரு தட்டு தட்டினேன். குறி அச்சாக விழுந்தது.

மையம் இவ்வளவு துல்லியமாக வேண்டுமா என்றால், ஃபென்ஸ் (மரத்தை ஒட்டித் தள்ளும் நேர்ச்சட்டம்) வைத்து ஓட்டுகிறவருக்கு அவ்வளவு அவசியமில்லை. அங்கே அளவெல்லாம் பிட்டிலிருந்துதான். ஆனால் பிளேட்டின் வட்டத்தைக் குறுக்கும் சிறிய வளையங்களோ, பிட்டைச் சுற்றி நின்று அச்சை ஒட்டி ஓடும் கைடு புஷ்ஷோ போடப் போகிறீர்கள் என்றால் விடக் கூடாது. அப்புறம் சரிசெய்யலாம் என்று ஸ்க்ரூ துளையைப் பெரிதாக்குவதிலும் பெரிய பலன் இல்லை. கவுண்டர்சிங்க் தலை, அதாவது கூம்பு வடிவ ஸ்க்ரூ தலை, தன் கூம்புக் குழிக்குத்தான் பிளேட்டை இழுத்துக்கொள்ளும்.

குறிகளை சென்டர் பஞ்ச்சால் ஆழப்படுத்தி, முதலில் 3 மி.மீ. டிரில் பிட், பிறகு ஸ்க்ரூ தாராளமாக நுழையும் அளவு. பிளேட்டைக் கிளாம்ப் போட்டே ஆக வேண்டும். பிட் மறுபக்கம் வெளியேறும் நொடியில் பிளேட்டைக் கவ்விச் சுழற்றப் பார்க்கும். அலுமினியச் சீவல் பிட்டில் அப்பிக்கொள்ளாமல் இருக்க இரண்டு சொட்டு மண்ணெண்ணெய் விட்டேன்.

கவுண்டர்சிங்க் குழியைப் பிளேட்டின் மேல்பக்கத்திலிருந்து எடுக்க வேண்டும். மெட்ரிக் ஸ்க்ரூவுக்கு 90 டிகிரி, அங்குல ஸ்க்ரூவுக்கு 82 டிகிரி. இரண்டையும் கலந்தால் தலை விளிம்பில் மட்டும்தான் உட்காரும். தலை ஒரு மயிரிழை உள்ளே போகும்வரை கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, எஃகு ஸ்கேலை மேலே ஓட்டிப் பார்த்தேன். துருத்திக்கொண்டிருந்தால் மரம் அதில் தட்டும்.

பழைய ஸ்க்ரூ போதுமா என்பது தடிமன் கணக்கு. பிளேட் அடித்தட்டைவிட எவ்வளவு தடிமனோ, அந்த அளவு நீளம் கூட வேண்டும். அதற்கு மேல் நீண்டால் ரூட்டரில் உள்ள துளையின் அடியில் முட்டி நின்றுவிடும். இறுகியது போலத் தெரியும், ரூட்டர் ஆடும்.