மம்பட்டி பிடிக்க ஆள் வேணும்

மார்ச் கடைசியில் மழை ஓய்ந்ததும் தென்னாப்பிரிக்காவில் எங்கள் ஊரான பீட்டர்மாரிட்ஸ்பர்க்கில் எங்களுக்கு வேலை ஆரம்பித்துவிடும். அக்டோபரிலிருந்தே மதியத்துக்கு மேல் இடியும் மின்னலுமாகக் கொட்டித் தீர்த்த மழை, குன்றில் நாங்கள் வெட்டி வைத்த சைக்கிள் பாதையை எங்கெங்கே அரித்திருக்கிறது என்று நடந்து பார்க்க வேண்டும். மண்ணில் ஈரம் இருக்கும்போதே சரி செய்தாக வேண்டும். மே மாசம் பிறந்துவிட்டால் மண் காய்ந்து பொடியாக உதிரும். எவ்வளவு தட்டினாலும் ஒட்டாது. அதனால் ஏப்ரல் மாதத்துச் சனிக்கிழமைகளை நாங்கள் வேறு எதற்கும் கொடுப்பதில்லை. விலக்கு ஒன்று உண்டு. பெரிய வெள்ளியன்று இங்கே மாரியம்மன் கோயிலில் தீமிதி. ஊரே அங்கே நிற்கும். அந்த வாரம் மட்டும் வேலை கிடையாது.

மவுண்டன் பைக் என்று சொன்னதும் நம் ஆட்கள் முதலில் கேட்பது சைக்கிள் என்ன விலை என்று. அடுத்தது, விழுந்து கை கால் உடையாதா என்று. அந்தப் பாதையை யார் போட்டது என்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லை. நான் எழுத வந்தது அதைத்தான்.

எனக்குச் சொந்த ஊர் அம்பாசமுத்திரம் பக்கம். தாமிரபரணிப் பாசனத்தில் அப்பாவுக்குக் கொஞ்சம் வயல் இருந்தது. மடை திறக்கும் நேரத்துக்கு அப்பாவோடு போய் வரப்பில் நின்று பழகியவள் நான். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். வீட்டுக்காரர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர், நாலாம் தலைமுறை. பையனுக்குச் சைக்கிள் வாங்கிக் கொடுத்து, அவனுக்குத் துணையாகக் குன்றுக்குப் போன இடத்தில்தான் இந்த வேலையைப் பார்த்தேன். ஒருத்தர் பாதையின் பள்ளப் பக்கத்து விளிம்பைப் பட்டையாகச் சீவிக்கொண்டிருந்தார். தண்ணீருக்கு வழி விடுகிறார் என்று பார்த்த உடனேயே எனக்குப் புரிந்துவிட்டது. பக்கத்தில் சும்மா கிடந்த மம்பட்டியை எடுத்துக்கொண்டு நானும் இறங்கினேன். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

மலைப்பாதை என்பது முழுக்க முழுக்கத் தண்ணீர் விவகாரம். மேலிருந்து நேராகக் கீழே இறக்கிப் பாதை போட்டால் ஓட்டுவதற்கு முதல் மாதம் நன்றாக இருக்கும். முதல் பெரிய மழையில் அது ஓடையாகிவிடும். ஓடை ஆன பாதையில் சைக்கிள் ஓட்ட முடியாமல் ஆட்கள் பக்கத்தில் இன்னொரு தடம் போடுவார்கள், பிறகு அதற்கும் பக்கத்தில் ஒன்று. கொஞ்ச நாளில் அந்தச் சரிவே புண்ணாகிவிடும். அதனால் சரிவுக்குக் குறுக்கே, மெதுவாக ஏறி இறங்குகிற மாதிரிதான் வெட்ட வேண்டும். இதற்குப் பாதை போடுகிறவர்கள் உலகம் முழுக்க வைத்திருக்கும் கணக்கு ஒன்று உண்டு. குன்றின் சரிவு எவ்வளவோ அதில் பாதிக்கு மேல் பாதையின் சரிவு போகக் கூடாது. குன்று 40 சதவீதச் சரிவு என்றால் பாதை 20-ஐத் தாண்டக் கூடாது. மொத்த நீளத்துக்கும் சராசரி பார்த்தால் 10 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும், அதாவது நூறடி போனால் பத்தடி ஏற்றம். ஒருத்தர் சரிவை அளக்கும் கிளைனோமீட்டரைக் கண்ணில் வைத்துப் பார்த்துச் சொல்ல, இன்னொருத்தர் மரத்தில் நாடா கட்டிக்கொண்டே போவார். வெட்டுவதற்கு முன்னால் நாடா கட்டுவதற்கே சில சமயம் ஒரு மாதம் ஆகிவிடும். அவசரப்பட்டு வெட்டிய இடமெல்லாம் பிற்பாடு உயிரை வாங்கும்.

வெட்டுவது எப்படி என்றால், முதலில் மேலே கிடக்கும் சருகையும் மக்கிய மண்ணையும் முழுசாக வாரித் தள்ள வேண்டும். அது பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்துக்கொள்ளும். பாதை அதன் மேல் நிற்காது. கெட்டி மண் தெரியும் வரை எடுத்த பிறகு சரிவைக் குடைந்து படி போல வெட்டுவோம். வெட்டி எடுத்த மண்ணைப் பள்ளப் பக்கம் போட்டு அகலம் கூட்டலாம் என்று புதிதாக வருகிறவர்கள் ஆசைப்படுவார்கள். கூடாது. அந்த இளமண் ஒரு மழையில் சரிந்துவிடும். மூணடி அகலம் வேண்டுமென்றால் மூணடியும் குன்றின் சொந்த மண்ணிலேயே இருக்க வேண்டும். அப்புறம் பள்ளப் பக்கமாகச் சுமார் ரெண்டு அங்குலம் தாழ்த்திச் சீவ வேண்டும். மேலே இருந்து வரும் தண்ணீர் பாதையில் நின்று வேடிக்கை பார்க்காமல் குறுக்கே கடந்து போய்விடும். இருந்தாலும் டயர் ஓட ஓட நடுவில் குழி விழும். விளிம்பில் மண் ஏறிக் கரை கட்டிக்கொள்ளும். வருஷா வருஷம் அந்தக் கரையைச் சீவி எடுப்பதுதான் ஏப்ரல் வேலையில் முக்கால்வாசி. இடையிடையே பாதையைக் கொஞ்ச தூரம் ஏற விட்டு மறுபடி இறக்குவோம். எவ்வளவு தண்ணீர் சேர்ந்து வந்தாலும் அந்தத் தாழ்வில் வந்து வெளியேறிவிடும். அப்பா மடையடியில் கால் கட்டைவிரலால் தண்ணீரின் போக்கைப் பார்த்துச் சொல்வார். நானும் இங்கே மழைக்கு மறுநாள் போய், சருகு எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கிறது என்று பார்ப்பேன். தண்ணீர் எங்கே தயங்கியது, எங்கே ஓட்டம் பிடித்தது என்று அதிலேயே தெரியும்.

இந்த ஊர் மண்ணுக்கு அடியில் ஷேல் பாறை. இந்த ஊர்ப் பெயரிலேயே ஒரு ஷேல் பாறைப் படிவம் இருக்கிறது. ஏடு ஏடாகப் பெயரும். நனைந்தால் சோப்புப் போட்ட தரை போல வழுக்கும். குன்றின் மேற்பகுதியில் டாலரைட் கல், கறுப்பாக, இரும்புக் கனம். வழுக்குகிற திருப்பங்களில் அந்தக் கல்லைக் கொண்டுவந்துதான் தளம் போடுகிறோம். எங்கள் கூட்டத்தில் கொத்தனார் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அங்கிள் ஒருவர் இருக்கிறார், எழுபது தாண்டியவர். சைக்கிளே ஓட்ட மாட்டார், பேத்தி ஓட்டுகிறாள். போன சீசனில் ஒரு கொண்டைத் திருப்பத்தில் நான் தட்டைக் கல்லாகப் பொறுக்கிப் பரப்பிக்கொண்டிருந்தேன். "நோ மா, படுக்கப் போடாதே. நிக்க வெச்சுப் புதை" என்றார். ஒரு கல்லை எடுத்து நீள வாக்கில் செங்குத்தாகக் குழியில் இறக்கினார். அதன் தோளை ஒட்டி அடுத்தது. இடுக்கில் சின்னக் கல்லை வைத்துச் சுத்தியலால் இறுக்கினார். வெளியே தெரிவது உள்ளங்கை அகலம்தான், மிச்சமெல்லாம் மண்ணுக்குள். சைக்கிள் பிரேக் பிடித்து இழுத்தாலும் அது பெயராது. அன்று காலை முழுக்க நாலு பேர் சேர்ந்து போட்டது ஒரு ஆள் நீளத்துக்கு இருக்கும். இந்த மழைக்கும் ஒரு கல் அசையவில்லை.

அவருக்குக் கல் தூக்கிக் கொடுத்தவர் மரத் தோட்டத்தில் காடு வெட்டும் வேலை பார்த்த ஜூலு பெரியவர். பாபா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். எந்த மரம் எந்தப் பக்கம் சாயும், எந்தப் புதருக்குள் பாம்பு படுத்திருக்கும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். பஃப் ஆடர் என்று ஒரு விரியன் இங்கே உண்டு. ஆள் வந்தாலும் விலகாமல் சருகோடு சருகாகக் கிடக்கும். பாபா முன்னால் கம்பால் தட்டிக்கொண்டு போகாமல் நாங்கள் புதரில் கை வைப்பதில்லை.

புதர் என்றதும் இதையும் சொல்ல வேண்டும். இங்கே நாங்கள் வெட்டி எறிவதில் பாதி நமக்குத் தெரிந்த செடிதான். உண்ணிச்செடி. மேற்குத் தொடர்ச்சி மலையை மூடிக்கிடக்கும் அதே உண்ணிச்செடி இங்கேயும் ஓடையோரம் முழுக்க. அப்புறம் ஊட்டி, கொடைக்கானலில் சீகை மரம் என்று சொல்வோமே, ஆஸ்திரேலியாவிலிருந்து தோல் பதனிடும் பட்டைக்காகக் கொண்டுவந்தது, அதுவும் இங்கே கட்டுக்கடங்காமல் பரவிக் கிடக்கிறது. பாதையோரம் இவற்றை வேரோடு எடுத்தால் ரெண்டு மழைக்குள் நாட்டுப் புல் எட்டிப் பார்க்கும். அதைப் பார்க்கும்போது வருகிற சந்தோஷம் எனக்குச் சைக்கிள் ஓட்டுவதில்கூட வந்ததில்லை.

பாதை எங்களுடையது, நிலம் எங்களுடையது இல்லை. பெரும்பகுதி மரக் கம்பெனியின் தோட்டம். காகிதக் கூழுக்கான யூகலிப்டஸை ஏறத்தாழ 8 முதல் 12 ஆண்டில் வெட்டிவிடுவார்கள். ரம்பத்துக்குப் போகும் பைன் 20 ஆண்டுக்கு மேலும் நிற்கும். எந்தப் பகுதியை எப்போது வெட்டப் போகிறார்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள், அந்த மரியாதை உண்டு. ஆனாலும் வெட்டிய பிறகு போய்ப் பார்த்தால் வயிற்றைப் பிசையும். நிழலே இல்லை. நாங்கள் பார்த்துப் பார்த்துக் கட்டிய திருப்பத்தின் மேல் இடுப்பளவு கிளையும் பட்டையும் குவிந்து கிடக்கும். பாதை அடியில் எங்கே இருக்கிறது என்பதே தெரியாது. என் பையன் முதல் தடவை பார்த்தபோது கண்கலங்கிவிட்டான். கொத்தனார் அங்கிள்தான் கம்பால் குத்திக் குத்தி அவர் பதித்த கல்லைக் கண்டுபிடித்தார். "இருக்குடா தம்பி, கீழே இருக்கு" என்றார். கிளையை இழுத்துப் போட்டு, வாரி எடுத்து, அந்தப் பாதையை மறுபடி திறக்கக் குளிர்காலம் முழுக்கப் பிடித்தது.

குளிர்காலத்தில் வேறொரு கட்டுப்பாடும் உண்டு. ஜூன் முதல் எல்லாம் காய்ந்து கிடக்கும். மலைப்பக்கமிருந்து சூடான காற்று வீசும் நாட்களில் தோட்டத்தையே மூடிவிடுவார்கள். நெருப்புக்குச்சி உரசக் கூடாது. அதனால் சாப்பாடெல்லாம் வீட்டிலிருந்து சமைத்துத்தான் வரும். ஆடி மாசம் இங்கே மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுவார்கள், மக்காச்சோள மாவைப் புளிக்க வைத்துக் காய்ச்சுவது. என் மாமியார் அதை ஒரு பெரிய தூக்கில் அனுப்பிவைப்பார். ஜூலு பையன்கள் அதில் அமாசி தயிர் ஊற்றிக் குடிப்பார்கள். அவர்கள் வீட்டிலும் கிட்டத்தட்ட இதே புளித்த கஞ்சி உண்டு. யாராவது மடும்பிக் கிழங்கு அவித்துக் கொண்டுவருவார்கள். நம் சேப்பங்கிழங்கு இனம்தான். உப்பும் மிளகாயும் தொட்டுக்கொண்டால் போதும். சாப்பிடும் நேரத்தில்தான் யாருக்கு வேலை போயிற்று, யார் வீட்டில் உடம்பு சரியில்லை என்பதெல்லாம் தெரியவரும். தனியாகக் குன்றுக்குப் போவது இங்கே பத்திரமில்லை, வழிப்பறி நடக்கும். வாட்ஸ்அப்பில் கேட்டுக் கூட்டமாகத்தான் போவோம். ஒன்றாக மண் சுமந்தவர்களைத்தான் அந்த நேரத்தில் நம்பிக் கூப்பிட முடிகிறது.

இந்த ஊருக்கு இந்த விளையாட்டில் பெரிய பெயர். 2013-இல் உலகச் சாம்பியன்ஷிப் இங்கேதான் நடந்தது. இந்த ஊர்க்காரரான கிரெக் மின்னார் இறக்கப் பந்தயத்தில் கடைசிக் கட்டத்தில் பின் டயர் காற்று இறங்கியும் விடாமல் மிதித்து, அரை விநாடிக்கும் குறைவான வித்தியாசத்தில் ஜெயித்தார். டர்பனைச் சேர்ந்த ஆலன் ஹாதர்லி 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கினார். அவர்கள் ஓட்டிய தரை இங்கே இத்தனை பக்கத்தில் இருக்கிறது. இந்த ஊரின் நார்த்டேலிலும் ரெய்ஸ்தோர்ப்பிலும் இருக்கிற நம் குடும்பங்களில் எத்தனை பேர் அந்தக் குன்றுகளில் கால் வைத்திருக்கிறோம்?

மாமியாரிடம் கேட்டேன். "அந்தப் பக்கம் நமக்கு இல்லை என்றுதான் வளர்ந்தோம்" என்றார். 1950-இல் வந்த குரூப் ஏரியாஸ் சட்டம் எந்த இனத்தவர் எங்கே குடியிருக்கலாம் என்று கோடு போட்டுப் பிரித்துவிட்டது. அவர் குடும்பம் காய்கறி போட்டுக்கொண்டிருந்த நிலத்தை விட்டுக் கிளம்ப வேண்டியிருந்தது. சட்டம் 1991-இல் போய்விட்டது. பழக்கம் போகவில்லை. 1860-இல் டிரூரோ கப்பலில் தொடங்கி மதராஸிலிருந்து வந்து இறங்கியவர்கள் இந்த மாகாணத்து மண்ணை வெட்டித்தான் கரும்பு வளர்த்தார்கள். அவர்கள் பேரப்பிள்ளைகளின் பிள்ளைகள் இந்தக் குன்றை ஜன்னல் வழியாக மட்டும் பார்த்துக்கொண்டிருப்பது எனக்கு மனசு கேட்கவில்லை. போன வருஷம் மாமியாரைக் கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் கல் பதித்த திருப்பம் வரைக்கும் நடத்தினேன். செருப்பைக் கழற்றிவிட்டு அந்தக் கல்லின் மேல் நின்றார். "இதை நீயா போட்டே?" என்று ரெண்டு தரம் கேட்டார்.

அதனால் கேட்கிறேன். சைக்கிள் இல்லாவிட்டாலும் வாருங்கள். வயசு ஒரு தடையில்லை. உட்கார்ந்தே செய்கிற வேலையும் இருக்கிறது, வெட்டிய வேரைப் பொறுக்கி எடுப்பது, சாமான் எண்ணி வைப்பது. பிள்ளைகளைக் கூட்டிவாருங்கள். மம்பட்டி, கடப்பாரை, வாரி எல்லாம் எங்களிடம் இருக்கிறது. பெண்கள் தனியாக வரத் தயங்க வேண்டாம். அடிவாரத்தில் ஏழு மணிக்குக் கூடி ஒன்றாகத்தான் ஏறுவோம், ஒன்றாகத்தான் இறங்குவோம். மூடிய காலணி, முழுக்கால் சட்டை, கையுறை, ரெண்டு லிட்டர் தண்ணீர் போதும். வீட்டுக்குப் போனதும் கணுக்காலிலும் முழங்கால் மடிப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், இங்கே உண்ணிக் காய்ச்சல் உண்டு. முந்தின நாள் பெரிய மழை அடித்திருந்தால் பாதையில் யாரும் ஓட்டக் கூடாது; டயர் தடம் பதிகிறது என்றால் திரும்பிவிட வேண்டும். வேலை மட்டும் எப்போதும் போல நடக்கும், ஈர மண் எங்களுக்குத் தேவை. இந்த மாசம் மேல் ஓடைப் பக்கம் ரெண்டு திருப்பத்துக்குக் கல் பதிக்க வேண்டும். அங்கிளுக்கு முழங்கால் வலி. பக்கத்தில் உட்கார்ந்து அந்தக் கைவேலையைக் கற்றுக்கொள்ள ஆள் வேணும்.