நாலாம் வகுப்பில் சட்டம்

நாலாம் வகுப்புப் பிள்ளைகளிடம் "அரசாங்கம்னா என்ன?" என்று கேட்டுப் பாருங்கள். முட்டை, நோட்டு, புஸ்தகம், ரேஷன் அரிசி, பஸ் பாஸ், போலீஸ் என்று வரிசையாக வரும். உசிலம்பட்டிப் பக்கத்து ஒன்றியப் பள்ளிகளில் இத்தனை வருடமாகப் பாடம் நடத்துகிறேன். இந்தப் பதில் பெரிதாக மாறவில்லை, பட்டியல்தான் நீண்டிருக்கிறது. 2022 செப்டம்பரில் மதுரையில் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார்கள். அது எங்கள் பள்ளிக்கும் வந்தபிறகு உப்புமாவும் பொங்கலும் சேர்ந்துகொண்டன.

பிள்ளைகள் சொல்வதில் பொய் ஒன்றும் கிடையாது. ஆனால் அவர்கள் மனதில் அரசாங்கம் என்பது எங்கோ தூரத்தில் இருந்துகொண்டு கொடுக்கிற ஒருவர், நாம் வாங்கிக்கொள்கிறவர்கள். இப்படி நினைத்து வளர்கிற பிள்ளைக்கு உரிமை என்ற பாடத்தை எப்படி நடத்தினாலும் ஏறாது. அதனால் நான் புத்தகத்தைத் திறப்பதற்கு முன்னால் ஒரு பிஸ்கட் பாக்கெட்டைத்தான் எடுத்துக்கொண்டு போவேன். அதன் உறையில் விலைக்குப் பக்கத்திலேயே எல்லா வரிகளும் சேர்த்து என்று பொடி எழுத்தில் போட்டிருக்கும். அதை வாசித்துக் காட்டுவேன்.

"நாங்களும் வரி கட்டுறமா டீச்சர்?"

ஆமாம், கட்டுகிறீர்கள். பெட்டிக்கடையில் அஞ்சு ரூபாய் கொடுத்து அந்தப் பாக்கெட்டை வாங்கும்போதே கட்டிவிடுகிறீர்கள். அதில் ஒரு பங்கு டெல்லிக்கும் ஒரு பங்கு சென்னைக்கும் போகிறது. அந்தப் பணமும் சேர்ந்துதான் சத்துணவு முட்டையாகத் திரும்பி வருகிறது. இதைச் சொன்னதும் வகுப்பு ஒரே சத்தமாகிவிடும். எங்கள் வீட்டில் இன்னது வாங்கினோம், அதிலும் வரி உண்டா என்று ஆளாளுக்குக் கேட்பார்கள். ஒரு பாடவேளை முழுக்க இதற்கே போய்விடும், போகட்டும். மக்களவையில் 543 பேர், நம் சட்டமன்றத்தில் 234 பேர் என்பதையெல்லாம் பரீட்சைக்கு முந்தின வாரம் மனப்பாடம் செய்துகொள்ளலாம்.

அடுத்தது சட்டம். இதற்கு வகுப்பை விட்டு வெளியே போகவே வேண்டாம். டீச்சர் ஆபீஸ் ரூமுக்குப் போனால் லீடர் போர்டில் 'பேசியவர்கள்' என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுகிற பழக்கம் எல்லாப் பள்ளியிலும் உண்டு. திரும்பத் திரும்பப் பேசினால் பெயருக்குப் பக்கத்தில் பெருக்கல் குறி போட்டு 2, 3 என்று ஏறிக்கொண்டே போகும். ஒருமுறை எங்கள் வகுப்பில் இதைப் பற்றிப் பெரிய பஞ்சாயத்தே நடந்தது. லீடர் தன் கூட்டாளிகள் பெயரை எழுதுவதே இல்லை, சண்டை போட்டவர்கள் பெயரை மட்டும் எழுதுகிறான் என்று புகார். நான் தீர்ப்புச் சொல்லவில்லை. "சரி, என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க" என்று விட்டுவிட்டேன்.

அவர்கள் கண்டுபிடித்த வழிகளை இன்றும் வியந்துதான் நினைத்துப் பார்க்கிறேன். பெயர் எழுதுவது லீடர், ஆனால் தண்டனை கொடுப்பது வேறு ஆள். பெயர் வந்தவன் முதலில் தன் பக்கத்தைச் சொல்ல வேண்டும், அதைக் கேட்டபிறகுதான் தண்டனை. லீடரே பேசினால் அவன் பெயரையும் எழுத ஒருத்தி வேண்டும். மாதத்துக்கு ஒருமுறை லீடரை மாற்ற வேண்டும். மதுரை ஒத்தக்கடைப் பக்கம் 2004 ஜூலையிலிருந்து உயர் நீதிமன்றக் கிளை இயங்குகிறது. அங்கே கருப்பு அங்கி போட்டுக்கொண்டு வாதாடுகிறவர்கள் நம்பியிருக்கிற அடிப்படைகளும் இவைதான் என்று சொன்னேன். ஒன்பது வயதுப் பிள்ளைக்கு நியாயம் தெரியாது என்று யாராவது சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

வகுப்பு விதிகளை எழுதும் அன்றைக்கே என்னைக் கட்டுப்படுத்துகிற சட்டத்தையும் சொல்லிவிடுவேன். 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிற கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, பிள்ளைகளை அடிக்கவும் கூடாது, மனம் நோகும்படி வதைக்கவும் கூடாது என்கிறது. "நான் அடிச்சா நீங்க ஹெச்.எம்.கிட்ட சொல்லலாம். வெளியில யாரு தொந்தரவு பண்ணாலும் 1098-க்குப் போன் போடலாம்" என்பேன். சில சக ஆசிரியர்களுக்கு இது பிடிப்பதில்லை. பிள்ளைகள் தலைக்கு மேலே ஏறிவிடும் என்கிறார்கள். பெற்றோரிலும், "கண்ண மட்டும் விட்டுட்டுத் தோல உரிச்சிருங்க டீச்சர்" என்று அன்போடு சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இன்னும் உண்டு. ஆனால் பெரியவருக்கும் ஒரு வரம்பு உண்டு என்று தெரிந்த பிள்ளைதான் சட்டத்தை நம்பும். வலுத்தவன் கையில் இருக்கிற பிரம்புதான் சட்டம் என்று படித்து வளர்ந்த பிள்ளை, தன் கைக்குப் பிரம்பு வருகிற நாளுக்காகக் காத்திருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் எளிது. இந்த வட்டாரத்தில் சட்டத்தைப் பற்றிப் பேசிவிட்டு ரேகைச் சட்டத்தைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. வெள்ளைக்காரர்கள் 1871-இல் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தைத்தான் இங்கே ரேகைச் சட்டம் என்பார்கள். அது 1911-க்குப் பிறகு சென்னை மாகாணத்துக்கும் வந்தது. பிறப்பை வைத்தே ஒரு கூட்டத்தைக் குற்றவாளிகள் என்று பதிவு செய்கிற சட்டம். ஆண்கள் ரேகை வைக்க வேண்டும், இரவில் போலீஸ் கண்காணிப்பில் படுக்க வேண்டும், ஊரைத் தாண்டிப் போக ராதாரிச் சீட்டு வாங்க வேண்டும். 1920 ஏப்ரல் 3 அன்று பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்துக் கூடிய மக்கள் மேல் போலீசார் சுட்டார்கள். மாயக்காள் என்ற பெண்ணோடு சேர்த்து 16 பேர் செத்துப்போனார்கள்.

இதை ஐந்தாம் வகுப்பில் சொன்னபோது ஒரு பையன் எழுந்து, "எங்க சீயானோட அப்பா ராத்திரி ஸ்டேசன்லதான் படுப்பாராம், அப்பத்தா சொல்லுச்சு" என்றான். (சீயான் என்றால் இங்கே தாத்தா.) உடனே இன்னொருத்தி கேட்டாள்: "களவே செய்யாதவங்களும் படுக்கணுமா?"

"ஆமா."

"அது சட்டமா டீச்சர்?"

"சட்டம்தான்."

அவ்வளவுதான், வகுப்பு இரண்டாகப் பிரிந்துவிட்டது. சட்டம் என்றால் கேட்டுத்தான் ஆக வேண்டும் என்று ஒரு கூட்டம், தப்பான சட்டத்தை எதற்குக் கேட்க வேண்டும் என்று இன்னொரு கூட்டம். எனக்கு வேண்டியது இந்தச் சண்டைதான். மதுரையில் வக்கீலாக இருந்த ஜார்ஜ் ஜோசப் இந்த மக்களுக்காக வாதாடினார், அந்த அன்பில் மக்கள் அவரை ரோசாப்பூ துரை என்று கூப்பிட்டார்கள் என்று சொன்னேன். கூட்டம் போட்டு, மனுக் கொடுத்து, சிறைக்குப் போய் எத்தனையோ பேர் போராடியபிறகு 1947-இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டத்தை ஒழித்தார்கள் என்றும் சொன்னேன். சட்டம் வானத்திலிருந்து இறங்கியதில்லை, மனிதர்கள் எழுதியது, மனிதர்களால் அழிக்கவும் முடியும் என்று பிள்ளைகளுக்கு அன்றைக்கு விளங்கியது.

இங்கேயே நிறுத்திக்கொண்டால் எல்லோருக்கும் சந்தோஷம்தான். ஆனால் அதே வாரத்தில் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும் என்பது என் பிடிவாதம். 1996-இல் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளின் தலைவர் பதவியைப் பட்டியல் சாதியினருக்கு ஒதுக்கினார்கள். பத்து வருடம் அங்கே ஒழுங்கான தேர்தல் நடக்கவில்லை. போட்டியிட விடாமல் தடுத்தார்கள். ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்ததும் நடந்தது. 2006-இல்தான் ஒருவழியாக முறையான தேர்தல் நடந்தது. ரேகைச் சட்டம் தப்பு, அதை எதிர்த்த மக்கள் பக்கம் நியாயம் இருந்தது. ஒதுக்கீட்டுச் சட்டம் சரி, அதைத் தடுத்தவர்கள் செய்தது அநியாயம். இரண்டும் ஒரே வட்டாரத்துக் கதை. ஒன்றை மட்டும் சொன்னால் பிள்ளைகள் பெருமையை மட்டும் எடுத்துக்கொண்டு போவார்கள்.

"இதெல்லாம் எதுக்கு டீச்சர், ஊருக்குள்ள வம்பு" என்று ஒருவர் நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். வகுப்பில் இரண்டு தெருப் பிள்ளைகளும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் எந்தச் சாதியின் பெயரையும் சொல்வதில்லை; அது அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். தீண்டாமையை ஒழித்த அரசியல் சட்டத்தின் 17-ஆவது உறுப்பு அவர்களுக்குத் தெரியாது, அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். "தலைவர் சேர்ல அவங்க உக்காந்தா என்ன ஆயிரப்போகுது?" என்று ஒருவன் கேட்டான். ஒன்றும் ஆகாது, 2021 அக்டோபர் 2 அன்று பாப்பாபட்டியில் முதலமைச்சரே வந்து கிராம சபையில் உட்கார்ந்தார் என்றேன். மேலவளவில் 1997-இல் பட்டியல் சாதி ஊராட்சித் தலைவரை வெட்டிக் கொன்றதை மட்டும் இந்த வயதில் சொல்வதில்லை. அவர்கள் எட்டாம் வகுப்புக்கு வரட்டும்.

கிராம சபை என்றதும், "நம்ம மந்தையில போடுற கூட்டமா?" என்று கேட்பார்கள். அதேதான். அதற்கு என்ன வலு இருக்கிறது என்று காட்ட எனக்கு இப்போது ஒரு நல்ல உதாரணம் கிடைத்திருக்கிறது. 2024 நவம்பரில் அரிட்டாபட்டி, நாயக்கர்பட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் முடிந்துவிட்டது என்று செய்தி வந்தபோது, அந்த மாதம் 23-ஆம் தேதி நடந்த கிராம சபைகளில் அந்தப் பகுதி மக்கள் எதிர்த்துத் தீர்மானம் போட்டார்கள். டிசம்பர் 9 அன்று சட்டமன்றத்திலும் தீர்மானம் வந்தது. ஜனவரி 7 அன்று மேலூர்ப் பக்கமிருந்து மதுரைக்குப் பெரிய பேரணி. ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. ஊராட்சி, மாநிலம், ஒன்றியம் என்று புத்தகத்தில் மூன்று பெட்டிகளாகப் போட்டிருப்பதைப் பிள்ளைகள் டி.வி.யிலேயே பார்த்துவிட்டார்கள். எல்லாத் தீர்மானமும் இப்படி ஜெயிப்பதில்லை என்பதையும் சொல்லித்தான் வைத்திருக்கிறேன்.

கடமைகளைப் பற்றி ஒரு வார்த்தை. உரிமைப் பாடம் என்றால் நம் ஆசிரியர்கள் அவசரமாகக் கடமைக்குத் தாவிவிடுவார்கள். கடமையைச் செய்தால்தான் உரிமை என்று அரசியல் சட்டத்தில் எங்கேயும் இல்லை. அடிப்படை உரிமைகள் 1950-இலிருந்து இருக்கின்றன. அடிப்படைக் கடமைகளை 1976-இல்தான் சேர்த்தார்கள். வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைக்கும் முட்டை உண்டு, அடிபடாமல் இருக்கிற உரிமையும் உண்டு.

கடைசியாக மனு. அனுப்புநர், பெறுநர், பொருள் என்று கடிதம் எழுதுவது எப்படியும் பாடத்தில் இருக்கிறது. லீவு லெட்டருக்குப் பதிலாக நிஜமான மனுவையே எழுதச் சொன்னேன். பள்ளி வாசல் குழாய் உடைந்து சகதியாகக் கிடந்ததைப் பற்றி ஊராட்சிக்கு எழுதினார்கள். சீக்கிரமே சரி செய்துவிட்டார்கள். அடுத்தது, பள்ளிக்கு முன்னால் வேகத்தடை வேண்டும் என்ற மனு. அந்த ரோடு தங்களுடையதில்லை, நெடுஞ்சாலைத் துறையுடையது என்று ஊராட்சியில் சொல்லிவிட்டார்கள். பிள்ளைகளுக்கு அதுவும் ஒரு பாடம்தான். எந்த வேலை எந்த ஆபீசுக்கு உரியது என்று இரண்டு நாள் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள். துறைக்கு மனு போயிருக்கிறது, பதில் இன்னும் வரவில்லை.

மே 1 கிராம சபையிலும் அதைத் தீர்மானமாக வைக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். ஓட்டு உள்ளவர்கள்தான் சபையின் உறுப்பினர்கள் என்பதால் பிள்ளைகள் பார்க்கத்தான் வர முடியும். வாசிக்கப் போவது பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கிற ஒரு அம்மா. மனுவை இரண்டு முறை சத்தமாக வாசித்துப் பார்த்துவிட்டு, "அன்னைக்கு நூறு நாள் வேலையும் கிடையாது டீச்சர், எங்க தெருப் பொம்பளைக எல்லாத்தையும் கூட்டிட்டு வந்துர்றேன்" என்று சொல்லியிருக்கிறார்.