இரண்டு பல், ஒரு தீவு

பால்டிக் கடலில் இருக்கும் போர்ன்ஹோம் தீவு டென்மார்க்குக்குச் சொந்தம். வரைபடத்தில் பார்த்தால் ஸ்வீடன்தான் பக்கம். கோபன்ஹேகனிலிருந்து ரயிலேறி, கடல்பாலம் தாண்டி ஸ்வீடனுக்குள் போய், ஈஸ்டாட் துறைமுகத்தில் கப்பல் பிடித்தால் சுமார் ஒன்றேகால் மணி நேரத்தில் ரோனே நகரம், மறுபடியும் டென்மார்க். கப்பலில் பாதிப் பேர் சைக்கிளோடு வந்திருந்தார்கள். வட்டத் தேவாலயங்களையும் புகையில் வாட்டிய ஹெர்ரிங் மீனையும் தேடிப் போகிற கூட்டம். நான் போனது ஒரு பல்லுக்காக.

ரோனேவுக்குச் சற்றுத் தள்ளி ராபடேல் பகுதியில் மணல் குழிகள் இருக்கின்றன. 2000-ல் களப்பயணம் வந்த ஒரு மாணவி அங்கே கண்டெடுத்தது, 2 செ.மீ.க்குச் சற்று அதிக நீளமுள்ள பல். டென்மார்க்கின் முதல் டைனோசர் அதுதான். 2003-ல் பெர் கிறிஸ்டியான்சன், நீல்ஸ் பாண்டே இருவரும் அதை ஆராய்ந்து ‘டிரோமியோசாராய்டஸ் போர்ன்ஹோல்மென்சிஸ்’ என்று பெயர் வைத்தார்கள். 2008-ல் அதைவிடச் சின்னதாய் இன்னொரு பல் கிடைத்தது. அவ்வளவுதான் சொத்து. எலும்பென்று ஒரு துண்டு கிடையாது.

பல்லின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பின்பக்கம் வளைந்து, பக்கவாட்டில் தட்டையாகி, விளிம்பு முழுக்க ரொட்டி வெட்டும் கத்திபோல நுண்ணிய அரம். ஒரு மில்லிமீட்டருக்குள் ஆறு முனைகள். சதையைக் கிழிக்கவென்றே அமைந்த பல். கனடாவில் கிடைத்த டிரோமியோசாரஸ் என்ற டைனோசரின் பல்லோடு ஒப்பிட்டு, அதைவிடப் பெரிது என்பதால் இந்த விலங்கு மூன்று மீட்டருக்கு மேல் நீளம் இருந்திருக்கும் என்று கணக்கிட்டார்கள்.

இங்கேதான் எனக்குக் கொஞ்சம் இடிக்கிறது. போர்ன்ஹோம் பல்லுக்கு வயது ஏறத்தாழ 14 கோடி ஆண்டுகள். கனடா விலங்கு அதற்கு ஆறு கோடி ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது! இவ்வளவு இடைவெளி தாண்டிப் பல்லின் சாயலை வைத்து உறவு சொல்வது துணிச்சலான காரியம். தப்பென்று சொல்லவில்லை. கையில் இருப்பது பல் மட்டும் என்றால் பல்லைத்தானே கேட்க முடியும்?

ஓவியங்களில் இந்த விலங்கை இறகோடு வரைகிறார்கள். அந்த இறகு எங்கிருந்து வந்தது? பல்லில் இறகு ஒட்டிக்கொண்டா வரும்! சொந்தக்காரர்களிடமிருந்து வந்தது. சீனாவின் லியாவோனிங் பகுதியில் இதே குடும்பத்து விலங்குகள் இறகுத் தடத்தோடு பாறையில் பதிந்து கிடைத்திருக்கின்றன. மங்கோலியாவில் கிடைத்த, இதே குடும்பத்து வெலாசிராப்டரின் முன்கை எலும்பில் இறகு வேர்விட்ட மேடுகள் இருப்பதை 2007-ல் காட்டினார்கள். குடும்பமே இறகோடு திரிந்தது என்றால் இது மட்டும் மொட்டையாய் இருந்திருக்காது என்பது நியாயமான ஊகம். நிறம், கொண்டை, வாலின் விசிறி எல்லாம் ஓவியர்களின் தாராள மனசு.

மணல் குழிக்குள் இஷ்டத்துக்கு இறங்க முடியாது. விளிம்பில் நின்று பார்த்தேன். வெளிறிய மணல், நடுநடுவே சாம்பல் நிறக் களிமண் பட்டைகள். அந்தக் காலத்தில் இது வெதுவெதுப்பான காயல். மீன், ஆமை, சிறிய சுறா என்று இந்தப் படிவங்களில் நிறைய அகப்பட்டிருக்கின்றன. மீன் செதில் கலந்த புதைபடிவச் சாணம்கூட! அது நம்மாளுடையதாக இருக்கலாம் என்று ஒரு கருத்து உண்டு. அப்படியென்றால் இந்தப் பயங்கர வேட்டைக்காரன் காயல் கரையில் மீன் பிடித்துச் சாப்பிட்டவன். எனக்கு அந்தக் கற்பனைதான் பிடித்திருக்கிறது.

ஆகிர்க்கெபி ஊரில் ‘நாட்டுர்போர்ன்ஹோம்’ அருங்காட்சியகம் இருக்கிறது, கட்டாயம் போங்கள். பழைய கல்குவாரியின் ஓரத்தில், நிலப்பிளவு ஒன்றின் மேலேயே கட்டியிருக்கிறார்கள். வெளியே ஒரு காலை நூறு கோடி ஆண்டுகளுக்கும் மூத்த கிரானைட்டிலும், மறு காலை ஏறக்குறைய 50 கோடி ஆண்டு மணற்கல்லிலும் வைத்து நிற்கலாம். நானும் நின்றேன், கூச்சமில்லாமல்.

போகிறவர்களுக்கு ஒரு தகவல். டென்மார்க்கில் ‘டேனக்ரே’ என்று ஒரு சட்ட ஏற்பாடு 1990 முதல் நடைமுறையில் இருக்கிறது. அறிவியல் மதிப்புள்ள அரிய புதைபடிவத்தை யார் கண்டெடுத்தாலும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்குச் சன்மானமும் தருகிறார்கள். அந்த முதல் பல்லும் டேனக்ரே பட்டியலில் 315-ஆம் எண்ணாக ஏறியிருக்கிறது. அதனால் மணலில் கறுப்பாய், கூராய் ஏதாவது தட்டுப்பட்டால் பையில் போட்டுக்கொள்ளாமல் நேரே அருங்காட்சியகத்துக்குக் கொண்டுபோங்கள்.