அம்மிணி மேடம் ஆன பிறகு

ஈரோட்டில் வீட்டில் இருந்தபடியே நாலைந்து கடைகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன். டேலி என்ற கணக்கு மென்பொருளில் பில் ஏற்றுவது, மாதம் 11ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் சொல்லும் ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள் வரி கட்டும் 3பி, அவ்வளவுதான் வேலை. அதில் ஒன்று ஒரு ஹார்டுவேர் கடை. முதலாளியை அண்ணா என்பேன். அவர் என்னை அம்மிணி என்பார்.

எங்களுக்குள் எழுத்தில் எதுவும் கிடையாது. 2018இல் கல்லாப் பக்கத்தில் நின்றபடி பேசி முடித்தது. "மாசம் நாலாயிரம் தரேன் அம்மிணி. வருசக் கடைசி ரிட்டனுக்குத் தனியாக் காசு கேக்கக் கூடாது. பாதியில விட்டுட்டுப் போகக் கூடாது." சரிங்கண்ணா என்றேன். அந்த ஒரு 'சரி'தான் ஒப்பந்தம். 1872ஆம் வருட இந்திய ஒப்பந்தச் சட்டப்படி வாய்ப்பேச்சும் செல்லும் என்பதெல்லாம் சண்டை வந்த பிறகு நான் தேடிப் படித்தது.

சண்டை 2023 அக்டோபரில் வந்தது. அந்த மார்ச்சில் கடைக்கு 2,12,000 ரூபாய்க்குப் பெயின்ட் வந்திருந்தது. 18 சதவீத வரி 38,160. சப்ளையர் அந்த பில்லைத் தன் ஜிஎஸ்டிஆர்-1இல் ஏற்றவில்லை. ஏற்றினால்தான் ஜிஎஸ்டி போர்ட்டல் நமக்குத் தரும் கொள்முதல் பட்டியலான 2பியில் தெரியும், 2பியில் தெரிந்தால்தான் வரவு எடுக்க, அதாவது வாங்கும்போது கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள முடியும். 2022 ஜனவரியில் இருந்து அதுதான் சட்டம். அதனால் அந்தத் தொகையை அவர் கையில் இருந்து கட்டவேண்டி வந்தது. சப்ளையர் பில்லை ஏற்றவில்லை என்று ஏப்ரலிலேயே அவருக்கு வாட்ஸப்பில் சொல்லியிருந்தேன். கடைவீதியில் யாரோ அவரிடம், "உங்க கணக்குக்காரி உங்களுக்கு நாப்பதாயிரம் நட்டம் பண்ணிட்டா" என்று சொல்லிவிட்டார்கள்.

கடையில் ஆட்கள் இருக்கும்போதே கத்தினார். நான் செய்த தப்பு, போனை எடுத்து ஏப்ரல் மெசேஜைக் காட்டியது. பத்துப் பேர் முன்னால் ஒருவர் சொன்னது பொய் என்று நிரூபித்தால் அவருக்குக் கோபம் குறையுமா? அன்று சாயங்காலமே, "கணக்க வேற பையன்கிட்டக் குடுத்தாச்சுங்க மேடம்" என்று மெசேஜ் வந்தது. அம்மிணி போய் மேடம் வந்ததுதான் திட்டியதைவிட உறைத்தது. ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் சம்பளம் 12,000 பாக்கி.

இன்னொரு விஷயம். அவருடைய ஜிஎஸ்டி கணக்கில் இருந்த போன் நம்பரும் மெயிலும் என்னுடையவை. ஊரில் பாதிக் கடைகளின் கதை இதுதான். ரிட்டன் போடத் தேவையான ஓடிபி கணக்குப் பார்ப்பவரின் போனுக்கு வரும். கூட வேலை பார்த்த அக்கா ஒருவர், "பேசாம இரு, 20ஆம் தேதி தன்னால ஓடி வருவார், பாக்கிய வாங்கிட்டுக் குடு" என்றார். ஆசையாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

இரண்டு நாள் யோசித்தேன். 2022-23ஆம் வருடத்தின் 12 மாதச் சம்பளத்தையும் வாங்கிவிட்டேன். அந்த வருடத்துக்கான ஆனுவல் ரிட்டன், ஜிஎஸ்டிஆர்-9, டிசம்பர் 31க்குள் போட வேண்டும். கடை விற்பனை இரண்டு கோடிக்கு மேல் என்பதால் போடாமல் விட முடியாது. தாமதமானால் நாளுக்கு 50 ரூபாய். அதற்கான கூலி என் கைக்கு வந்தாயிற்று. பாக்கி இருப்பது வேறு வருடத்தின் பணம். இப்படிப் பிரித்துப் பார்த்ததும் மனசு கொஞ்சம் தெளிந்தது.

போனில் பேசுவதில்லை என்று முடிவு செய்தேன். மூன்று வரி எழுதி அனுப்பினேன்: 2022-23 ஜிஎஸ்டிஆர்-9 நான் போட்டுத் தருகிறேன், அக்டோபர் முதல் உள்ள ரிட்டன்களுக்கு நான் பொறுப்பில்லை, 12,000 பாக்கி உள்ளது. இரண்டு நீல டிக் விழுந்தது, பதில் இல்லை. அப்புறம் டேலி பேக்கப், 12 மாத 3பி, ஜிஎஸ்டிஆர்-1, 2பி மாதிரியே இன்னொரு கொள்முதல் பட்டியலான 2ஏ எல்லாவற்றையும் ஒரு பென் டிரைவில் போட்டு, எனக்கும் ஒரு நகல் வைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். அவர் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான். அவர் மகன் இருந்தான். போர்ட்டலில் நான்-கோர் அமெண்ட்மென்ட் என்ற பகுதியில் போனையும் மெயிலையும் மாற்றலாம். புது நம்பருக்கே ஓடிபி வரும், அதிகாரி ஒப்புதல் தேவையில்லை. அவன் அப்பா நம்பரைப் போட்டு மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நவம்பரில் அந்த பெயின்ட் சப்ளையரைக் கடைசியாக ஒரு தடவை கூப்பிட்டேன். ஆறு மாதமாக நச்சரித்துக்கொண்டிருந்தது நான்தான். "அக்டோபர் ஜிஎஸ்டிஆர்-1ல ஏத்திட்டனுங்க" என்றார். போன நிதியாண்டு பில்லுக்கு வரவு எடுக்க நவம்பர் 30 கடைசி. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் 38,160 போயிருக்கும், யாரும் என்னைக் கேட்டிருக்கவும் முடியாது. புதுப் பையனின் நம்பரை மகனிடம் வாங்கி, பில் நம்பரோடு அனுப்பினேன். அவன் நல்ல பையன். 3பியில் எடுத்துவிட்டு நகலும் அனுப்பினான். அந்தத் தொகையை ஜிஎஸ்டிஆர்-9இல், அடுத்த வருடத்தில் எடுத்த வரவைக் காட்டும் 8-சியிலும் 13ஆம் பட்டியலிலும் நான் காட்ட வேண்டும்.

டிசம்பர் 29 காலையில் எல்லாம் தயார். ஆடிட் ஆன கணக்கோடு விற்பனை ஒத்துப்போனது. ஒருமுறை போட்டால் ஜிஎஸ்டிஆர்-9ஐத் திருத்த முடியாது என்பதால் மூன்று தடவை சரிபார்த்தேன். கடைசிப் பொத்தானை அழுத்தினேன். ஓடிபி போனது. யாருக்கு? அவருக்கு. நானே மாற்றிக் கொடுத்த நம்பருக்கு.

மெசேஜ் போட்டேன். "எதுக்குங்க மேடம் ஓடிபி? பணம் எடுக்கவா?" என்று பதில். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. ஓடிபிக்குப் பத்து நிமிஷம்தான் ஆயுள். மகனைக் கூப்பிட்டால் அவன் பவானியில் இருக்கிறான். இரண்டாவது ஓடிபியும் வீணானது. நம்பரை ஜிஎஸ்டிஆர்-9 போட்ட பிறகு மாற்றியிருக்கலாம், அந்த மூளை அன்று இல்லை.

மத்தியானம் மூன்று வரை அதே கதை. பிறகு பிடிஎஃப் வரைவை அவருக்கு அனுப்பி, "இதில் கட்ட வேண்டிய பணம் சைபர். ஓடிபி எனக்கு வேண்டாம், புதுப் பையனிடம் சொல்லுங்கள், அவர் உங்கள் கடையிலேயே உட்கார்ந்து அழுத்தட்டும்" என்றேன். நாலரைக்குப் பையன் கூப்பிட்டான். "அக்கா, போட்டாச்சு. ஏஆர்என் வந்துருச்சு." ஏஆர்என் என்பது ரிட்டன் போனதற்கான ஒப்புகை எண். நான் தயாரித்தது, அவன் கையால் போனது. எனக்கு அதில் வருத்தமில்லை.

ஜனவரியில் மகன் ஜிபேயில் 9,000 அனுப்பினான். மீதியை அப்பாவிடம் கேட்டுத் தருகிறேன் என்றான். பிப்ரவரியில் பன்னீர்செல்வம் பூங்கா பக்கம் அவரை நேருக்கு நேர் பார்த்தேன். ஒதுங்க இடமில்லை.

"நல்லா இருக்கீங்களா மேடம்?"

"இருக்கேனுங்கண்ணா."

மூவாயிரத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.