விதவை எண்டு பேர் போட்ட போத்தல்

கனடாச் சித்தப்பா மாங்குளத்துக்குக் கொண்டுவந்த ஷாம்பெயின் போத்தலில 'வெவ் கிளிக்கோ' எண்டு இருந்தது. வெவ் எண்டா பிரெஞ்சில விதவை. கிளிக்கோ எண்டது புருசன்ர குடும்பப் பேர். 1805இல அவர் சாக, 27 வயசில ஷாம்பெயின் வியாபாரத்தைக் கையில எடுத்தவ அவ. துளை போட்ட மேசையில போத்தலைத் தலைகீழாக் குத்தி, கொஞ்சம் கொஞ்சமாத் திருப்பி, மண்டியைக் கழுத்தடிக்கு இறக்கித் தெளிய வைக்கிற முறை அவவின்ர இடத்தில பிறந்ததுதான். எங்கட பக்கம் கடைக்கு அப்பிடிப் பேர் வைச்சா ஆர் படி ஏறுவினம்?

மச்சாளும் தனிய நிண்டு உழைக்கிறவதான். ரெண்டு அறையைப் பயணிகளுக்கு விட்டிருக்கிறா. வைகாசியில வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வாற சனத்தால ரெண்டும் நிரம்பீடும். விடியக் கருப்பணி குடுப்பா. பனையில கட்டுற முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசினாத்தான் இறங்கிற சாறு புளிக்காமல் கருப்பணி. பூசாட்டி தானாப் புளிச்சுக் கள்ளு. போன கிழமை வந்த பெடியள் கள்ளுத்தான் வேணுமெண்டு நிண்டாங்கள்.

"அதுக்கு லைசென்ஸ் வேணும் தம்பி. கள்ளுத் தவறணை அங்கால இருக்கு, போயிட்டு ஒழுங்கா வாங்கோ."

மூண்டாவது அறைக்குக் கடன் கேட்டுப் போன இடத்தில "வீட்டு ஆம்பிளை ஆர் கையெழுத்து வைக்கிறது?" எண்டு கேட்டிருக்கினம். 2009இல சண்டை முடிஞ்சு, ஆம்பிளை இல்லாத வீடுகள் இவ்வளவு இருக்கிற வன்னியில இருந்துகொண்டு கேக்கிற கேள்வியா இது? மச்சாள் ஒண்டும் பறையேல்லையாம், பைலை எடுத்துக்கொண்டு வந்திட்டா.

சித்தப்பாவின்ர போத்தல் முடிஞ்சுது. கழுவி, கருப்பணி ஊத்திப் பிரிஜ்ஜில வைச்சிருக்கிறா. லேபிளைக் கிழிக்கேல்லை.