பூண்டு உரித்தபடி பாட்டி சொன்னது

மார்ச் 3, 2025, திங்கள்

மகன் பிறந்து இன்றோடு 19 நாள். பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறார்கள், சுகப்பிரசவமா, ஆபரேஷனா? சுகப்பிரசவம் என்றதும் "அப்புறம் என்ன, கொடுத்து வைத்தவள்" என்று தொட்டில் பக்கம் போய்விடுகிறார்கள். பிள்ளை வெளியே வந்த பிறகு கருப்பை சுருங்கவில்லை, இரத்தம் நிற்கவில்லை, திடீரென்று ஏழெட்டுப் பேர் அறைக்குள் ஓடி வந்தார்கள், ஒருவர் என் அடிவயிற்றைப் பலம் கொண்ட மட்டும் அழுத்தினார், பிள்ளையோடு என் கணவரை வெளியே போகச் சொன்னார்கள். என்ன நடக்கிறது என்று ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை. 500 மில்லிக்கு மேல் போனாலே அதிகம் என்பார்களாம், எனக்கு 1,200.

அம்மாவிடம் ஆரம்பித்தேன். "அதான் ரெண்டு பேரும் நல்லா இருக்கீங்களே, அதைப் போய் நினைக்கலாமா" என்றார். பாசத்தில்தான் சொன்னார், தெரியும். ஆனால் அதற்குமேல் எனக்கு வாய் வரவில்லை.

மார்ச் 7, வெள்ளி

பரிசோதனைக்குப் போனேன். தாதி ஒரு தாளைக் கொடுத்தார். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வைக் கண்டுபிடிக்கிற எடின்பரோ கேள்வித்தாள், 10 கேள்வி, கடந்த 7 நாளில் மனம் எப்படி இருந்தது என்று. தகுந்த காரணமில்லாமல் பயந்ததுண்டா என்ற கேள்வியில் பேனா நின்றுவிட்டது. எனக்குத்தான் காரணம் இருக்கிறதே. இல்லை என்று போட்டுவிட்டு வந்தேன், வழியெல்லாம் உறுத்தியது.

மார்ச் 16, ஞாயிறு

தோ பாயோவிலிருந்து பாட்டி வந்தார், தேக்கா சந்தையில் வாங்கிய பால்சுறாவும் ஒரு பை பூண்டுமாக. சாப்பாட்டு மேசையில் செய்தித்தாளை விரித்து உரிக்க உட்கார்ந்தார். மகனுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தேன், வயிறு சுருட்டிப் பிடித்தது, முகம் சுளித்தேன். "பால் குடிக்கிறப்ப இழுத்துப் பிடிக்கும்டி, கருப்பை உள்ளே ஒடுங்குது, அடுத்த பிள்ளைக்கு இன்னும் ஜாஸ்தியா இருக்கும்" என்றார். ஏதோ கோளாறு என்று நான் பயந்துகொண்டிருந்தது அந்த ஒரு வரியில் போயிற்று.

நான் கேட்காமலே அப்புறம் சொல்ல ஆரம்பித்தார். 1966, இங்கே சிங்கப்பூரில் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனை. அந்த ஓர் ஆண்டில் மட்டும் அங்கே 39,835 குழந்தைகள் பிறந்தன, கின்னஸ் புத்தகத்தில் ஏறிய எண்ணிக்கை அது. ஒரு நாளைக்கு நூற்றுக்கு மேல். பாட்டிக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது, "தீபாவளிக்கு முதல்நாள் தேக்கா மாதிரி கூட்டம்" என்றார். பக்கத்துக் கட்டிலில் ஒரு மலாய் அக்கா. வலி வரும்போதெல்லாம் எட்டிப் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு "தாஹான், டிக்" என்பாராம், பொறுத்துக்கோ தங்கச்சி என்று. அவர் பெயரைக் கேட்காமல் வந்துவிட்டோமே என்பது பாட்டிக்கு இன்னும் வருத்தம்.

"பிள்ளை பிறந்ததும் ஒரு குளிர் வந்துச்சு பாரு, பல்லு தடதடன்னு அடிச்சுது, தாடையைக் கையால பிடிச்சாலும் நிக்கலை. செத்துருவேன்னு நினைச்சேன்."

எனக்கும் அதேதான். பல் அடித்ததை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை, என் கணவரிடம்கூட. சொன்னேன், அழுதேன், முதல் நாளிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பாட்டி தேறுதல் எதுவும் சொல்லவில்லை, பூண்டுத் தோல் ஒட்டிய விரலோடு என் முழங்காலைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

அந்த 1966 குழந்தை என் அம்மா. அடுப்படியில் நின்று எல்லாம் கேட்டிருக்கிறார். 58 வயதில் தான் பிறந்த கதையை முதல்முறையாகக் கேட்கிறார். அடுப்பை அணைத்துவிட்டு வந்து பாட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஒன்றும் பேசாமல் தானும் ஒரு பூண்டை எடுத்து உரித்தார். கொஞ்ச நேரம் கழித்து, "நீ பிறந்தப்ப..." என்று ஆரம்பித்தார்.

மார்ச் 27, வியாழன்

தாதியைக் கூப்பிட்டு அந்தத் தாளில் உண்மையை எழுதவில்லை என்று சொல்லிவிட்டேன். அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்.

சித்தி மகள் வந்தாள், அவளுக்கு ஏழு மாதம். "வயித்துப் பிள்ளைக்காரியைப் பயமுறுத்தாதே" என்று சித்தி முன்கூட்டியே போன் செய்திருந்தார். அதனால் வாய் திறக்காமல்தான் இருந்தேன். அவளே கேட்டாள், "அக்கா, உங்களுக்கு நடந்ததை அப்படியே சொல்லுங்க, தெரியாம இருக்கிறதுதான் எனக்குப் பயமா இருக்கு" என்று. கேட்கிறவளிடம் மறைப்பது பெரிய தப்பு என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. சொன்னேன். இரத்தம், வயிற்றை அழுத்துவது, என்ன செய்கிறீர்கள் என்று கேட்க உனக்கு உரிமை உண்டு என்பது, அந்தக் குளிர், எல்லாம்.

அவள் போனை எடுத்து ஒரு வரி எழுதிக்கொண்டாள். எட்டிப் பார்த்தேன். "பிறந்ததும் போர்வை கேட்கணும்."