ஆட்டம் என்று நினைத்துப் போட்ட ஸ்க்ரூ

பழுதான சாமானைத் திருத்துவது லேசு. ஏற்கனவே ஒருவர் திருத்திவிட்ட சாமானைத் திருத்துவதுதான் உயிரை வாங்கும். தேயிலை ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், ஃபிட்டராக இருந்த காலத்திலேயே இது பழகிப்போன தொல்லை. ரோலர் மெஷினில் பேரிங் தேய்ந்தால் புதிதைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போகலாம். இரவு ஷிஃப்டில் யாரோ அவசரத்துக்குத் தகரத்தை மடித்துச் சொருகி ஓட்டியிருந்தால், அந்தத் தகரத்தைக் கண்டுபிடிக்கவே அரை நாள் போகும். மெஷின்களைக் காக்கும் சாமியான ரோதைமுனிக்குத் தேங்காய் உடைத்தும் சத்தம் நிற்கவில்லை என்று ஆட்கள் புலம்புவார்கள். முனி என்ன செய்யும், பாவம்.

ஸ்டோரை விட்டு ஹட்டன் பக்கம் சொந்தப் பட்டறை போட்ட பிறகு பம்பு, மருந்தடிக்கும் மெஷின், தையல் மெஷின் இவற்றோடு, அனுமதி எடுத்துத் துவக்கு வேலையும் செய்கிறேன். வருவதெல்லாம் பெரும்பாலும் பழைய பங்களாக்களில் கிடந்த பன்னிரண்டு போர் (குழல் அளவு) துவக்குகள். போட்டிக்குச் சுடும் ரைஃபிள் வருவது அபூர்வம். அதனால், ஒரு பாடசாலை ஆசிரியர் ஃபைன்வெர்க்பாவ் 300எஸ் என்ற, காற்றழுத்தத்தில் சுடும் எயார் ரைஃபிள் ஒன்றைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தபோது, கையில் இருந்த பம்பை ஓரம் தள்ளிவிட்டேன்.

"அண்ணே, நுவரெலியாவில ஒருத்தர்கிட்ட மலிவா வந்துச்சு. பிள்ளைகளுக்குப் பழக்கத்தான் வாங்கினேன். பத்து மீட்டர்ல சாப்பாட்டுத் தட்டைக்கூட ஒழுங்காப் பிடிக்குதில்ல."

"காகிதம் எல்லாம் இருக்கா சேர்?"

இருந்தது. 1916இல் வந்த சுடுகலன் கட்டளைச் சட்டம்தான் இன்றும் நம் தலைக்கு மேல் இருக்கிறது. கைமாறியது காகிதத்தில் ஏறாத துவக்கு மேசையில் கிடந்தால் திருத்துபவனும் சேர்ந்துதான் மாட்டுவான். காகிதம் சரி என்றால்தான் ஸ்க்ரூட்ரைவரைத் தொடுவேன்.

இந்த ரைஃபிளைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் ஓபர்ன்டார்ஃபில் செய்தது. 10 மீட்டர் எயார் ரைஃபிள் ஒலிம்பிக்குக்கு வந்தது 1984இல், லாஸ் ஏஞ்சலிஸில். அதற்கு முன்பே போட்டிக்காரர்களிடம் இது பேரெடுத்துவிட்டது. பக்கத்து லீவரை இழுத்தால் சிலிண்டர் பின்னால் போகும், பெருவிரலால் 4.5 மில்லிமீட்டர் ஈயக்குண்டைக் குழலுக்குள் வைத்து மூட வேண்டும். உள்ளே இரண்டு ஸ்பிரிங்குகள். ஒன்று வலப்பக்கம் சுற்றியது, மற்றது இடப்பக்கம் சுற்றியது, ஒன்றின் முறுக்கை மற்றது சாப்பிட்டுவிடும். இதையெல்லாம் விட அழகான ஏற்பாடு ஒன்று உண்டு. சுடும்போது குழலும் சிலிண்டரும் சேர்ந்து மரக்கட்டைக்குள் தண்டவாளம் போன்ற தடத்தில் சில மில்லிமீட்டர் பின்னுக்குச் சறுக்கும். உதைப்பு அதிலேயே தீர்ந்துவிடும், தோளுக்கு வராது. அடுத்த முறை லீவரை இழுக்கும்போது முன்னால் வந்து பூட்டிக்கொள்ளும்.

நான் கையில் எடுத்தபோது அது சறுக்கவில்லை. கட்டையைத் திருப்பிப் பார்த்தால், அடியில் இரண்டு மர ஸ்க்ரூக்கள், சுற்றிலும் அரால்டைட் பசை. முன்பு வைத்திருந்தவர் தூக்கி ஆட்டிப் பார்த்திருப்பார், டக் டக்கென்று கேட்டிருக்கும். ஆட்டம் கண்டுவிட்டது என்று இறுக்கிவிட்டார். அவரைக் குறை சொல்லவும் மனம் வரவில்லை. துவக்கு என்றால் இறுக்கமாக இருக்க வேண்டும் என்றுதானே யாரும் நினைப்பார்கள். ஆனால் ஸ்பிரிங் ரைஃபிளின் உதைப்பு சாதாரணத் துவக்கைப் போல ஒரு பக்கமாக வருவதில்லை. பிஸ்டன் கிளம்பும்போது பின்னுக்கு ஓர் உதை, போய் நிற்கும்போது முன்னுக்கு ஓர் உதை. இரண்டும் நடந்து முடியும்போதும் குண்டு குழலை விட்டுப் போயிருக்காது. பூட்டிவைத்த ரைஃபிளில் அந்தக் குலுக்கல் முழுக்கக் கைக்கும் குறிபார்க்கும் கருவிக்கும்தான் போகும்.

இனி எதுவும் சும்மா இருக்காது என்று அப்போதே தெரிந்துவிட்டது. ஒரு தப்பான ஸ்க்ரூவைப் பார்த்தால், அதைப் போட்டவர் அடுத்து என்ன செய்திருப்பார் என்று யோசிப்பது என் பழக்கம். சத்து போதவில்லை என்று நினைத்திருப்பார். ஸ்பிரிங்கை மாற்றியிருப்பார். கழற்றினேன், அப்படியே இருந்தது. இரண்டு மெல்லிய ஸ்பிரிங்குகள் இருந்த இடத்தில் வேறெதற்கோ செய்த தடித்த ஸ்பிரிங் ஒன்று, முனையைக் கிரைண்டரில் தேய்த்து அடக்கியிருந்தது.

சத்து போதவில்லை என்ற சந்தேகத்தில் பாதி நியாயம் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1,868 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கொழும்பைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சிலிண்டருக்குள் வரும் காற்றும் அந்த அளவுக்கு மெலிந்தது, அதனால் குண்டின் வேகம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அதற்காகத் தடித்த ஸ்பிரிங் போட்டால், பிஸ்டனைத் தாங்கி நிறுத்தும் காற்று மெத்தையும் அங்கே மெலிவு என்பதை மறந்துவிடுகிறோம். பிஸ்டன் போய்ச் சிலிண்டர் முகப்பில் இடிக்கும். முன்பக்க ரப்பர் தாங்கி நொறுங்கித் தூளாகிக் கிடந்தது. இத்தனைக்கும் 10 மீட்டரில் காகிதத்தைத் துளைக்க எந்தச் சத்தும் வேண்டியதில்லை. கரட் பாத்தியில் இறங்கும் குரங்குக்காக மாற்றியிருப்பார் என்பது ஆசிரியரின் ஊகம். இருக்கலாம்.

சிலிண்டருக்குள் கறுப்புப் படலமும் கருகிய வாடையும் இருந்தன. எஞ்ஜின் ஒயிலை வார்த்திருக்கிறார்கள். காற்று அமுங்கும் சூட்டில் அது பற்றி வெடிக்கும், ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு வேகத்தில் போகும். மண்ணெண்ணெயில் கழுவி, இரும்பு பிஸ்டன் வளையத்தைப் பார்த்தேன். நல்லவேளை, அது முழுசாக இருந்தது.

பிறகு குழல் வாய். கையடக்கமாக இருக்கட்டும் என்று ஹெக்ஸோ பிளேடால் அறுத்து, அரம் போட்டு, கறுப்பு பெயின்ட் பூசியிருந்தார்கள். காது குடையும் பஞ்சுக் குச்சியை உள்ளே விட்டு மெதுவாக வெளியே இழுத்தேன். நான்கு மணிப் பக்கம் பஞ்சு மாட்டி இழைந்தது. திரும்பத் திரும்ப அதே இடம். குண்டு குழலை விட்டுப் பிரியும் கடைசி விளிம்பு எல்லாப் பக்கமும் ஒரே சமயத்தில் விட வேண்டும். ஒரு பக்கம் பிசிறு இருந்தால் பின்னால் வரும் காற்று ஒரு பக்கமாகப் பிய்த்துக்கொண்டு போகும், குண்டு தலையாட்டிக்கொண்டே பறக்கும். சாப்பாட்டுத் தட்டு தப்பியது இதனால்தான்.

குழலை லேத்தில் ஏற்றினேன். வெளிவட்டத்தை வைத்து மையம் பிடித்தால் ஏமாந்துபோவோம். துளையும் வெளிவட்டமும் ஒரே மையத்தில் இருக்கும் என்று நிச்சயமில்லை. துளைக்குள் இறுக்கமாக ஒரு குச்சியைப் பொருத்தி, அதில் டயல் கேஜ் முள்ளை வைத்து, முள் அசையாமல் நிற்கும்வரை, குழலைப் பிடித்திருக்கும் லேத்தின் 'சக்'கைத் தட்டித் தட்டிச் சரிசெய்தேன். பொறுமையைச் சோதிக்கும் வேலை. பிறகு முகத்தை நேராகச் சீவி, உள்விளிம்புக்குச் சிறிய சாய்வு கொடுத்தேன். கடைசியில், உருண்டைத் தலைப் பித்தளை ஸ்க்ரூ ஒன்றைக் கைத் துரப்பணத்தில் மாட்டி, தலையில் வால்வு தேய்க்கும் பேஸ்ட்டைத் தடவி, விளிம்பில் வைத்துக் கையை வட்டமாக ஆட்டியபடி சுற்றினேன். விளிம்பைச் சுற்றி மயிரிழைப் பளபளப்பு வளையம் ஒன்று வந்தது. மறுபடி பஞ்சு விட்டேன், எங்கும் மாட்டவில்லை.

குழல் குட்டையானதால் முன்குறியும் கண்ணுக்குக் கிட்ட வந்துவிட்டது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் குறைந்தால், குறியில் தெரியாமல் போகும் சின்னப் பிசகும் காகிதத்தில் பெரிதாக விழும். அறுத்ததை ஒட்ட முடியாது. அலுமினியக் குழாய் ஒன்றைக் கடைந்து, குழலின் மேல் போட்டு முன்னே நீட்டி, அதன் நுனியில் முன்குறியைப் பொருத்தினேன். குண்டு தொட்டுவிடாதபடி குழாயின் உள்துளையை அகலமாக விட்டேன். பார்க்க அவ்வளவு அழகில்லை, ஆனால் பழைய தூரம் திரும்பிவிட்டது.

என்னைப் பயமுறுத்தியது ட்ரிகர்தான். லேசாக விழ வேண்டும் என்று, பிஸ்டனைப் பிடித்து வைக்கும் கொக்கியின் பிடிமுனையை அரத்தால் தேய்த்திருந்தார்கள். கழற்றுவதற்கு முன்பே குண்டு போட்டு மணல் மூட்டைக்கு நேராக வைத்து, ட்ரிகரைத் தொடாமல் கட்டையை ரப்பர் சுத்தியலால் லேசாகத் தட்டியிருந்தேன். சுட்டுவிட்டது. சிலிண்டர் பின்னால் இருக்கும்போது இப்படி நழுவினால், குண்டு வைக்கும் பிள்ளையின் பெருவிரல் நசுங்கும்.

"எண்ணெய்க் கல்லில தேச்சுச் சமாளிக்க முடியாதாண்ணே? அடுத்த மாசம் போட்டி."

"முடியாது சேர். மேல்தோல்தான் கடினப்படுத்தின இரும்பு. அது போயிருச்சு. இப்ப தேச்சா ஒரு கிழமைக்கு நல்லா நிக்கும், அப்புறம் எப்ப விடும்னு யாருக்கும் தெரியாது."

முகம் வாடிவிட்டது. போட்டிக்கு வேறு ரைஃபிள் இரவல் வாங்கச் சொல்லிவிட்டேன். அவரும் சும்மா இருக்கவில்லை. விற்றவரிடம் மறுபடி போய்ப் பேசி, பிஸ்கட் டின் ஒன்றில் கிடந்த பழைய ஸ்பிரிங்குகள் இரண்டையும் வாங்கிவந்தார். ஆட்கள் மாற்றத்தான் மாற்றுகிறார்கள், கழற்றியதை எறிவதில்லை. கொக்கியையும் ரப்பர் தாங்கியையும் முறைப்படி அனுமதி எடுத்து வெளிநாட்டிலிருந்துதான் வரவழைக்க வேண்டியிருந்தது. அதுவரை ரைஃபிள் ட்ரிகர் இல்லாமல் என் அலுமாரியில் பூட்டிக் கிடந்தது.

சாமான் வந்த பிறகு மாட்டுவது ஒரு மாலை வேலை. தடத்திலிருந்த அரால்டைட்டை மரத்துக்கு வலிக்காமல் சுரண்ட அதைவிட அதிக நேரம் பிடித்தது. ஸ்க்ரூ துளைகளை மஹோகனிக் குச்சியால் அடைத்தேன். நிறம் கொஞ்சம் வேறுபடும், அதற்கு மேல் ஒன்றும் செய்வதற்கில்லை. அதே ரப்பர் சுத்தியலால் எல்லாப் பக்கமும் முன்பைவிடப் பலமாகத் தட்டிப் பார்த்தேன். கொக்கி அசையவில்லை.

பட்டறையின் பின்சுவரில் 10 மீட்டர் அளந்து காகிதம் ஒட்டி, தட்டைத் தலைக் குண்டுகளைப் போட்டு, மணல் பையில் சாத்திவைத்துச் சுட்டோம். ஓட்டைகள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து ஒரே கிழிசலாகின. பத்துப் புள்ளிக்கான வட்டம் வெறும் அரை மில்லிமீட்டர்ப் பொட்டு, அதை எட்டுவது இனிப் பிள்ளைகள் பாடு. ஆசிரியர் காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, உறையில் போட்டே வைக்கலாமா என்று கேட்டார். கூடாது என்றேன். மே மாதம் தென்மேற்கு மழை பிடித்தால் ரெக்ஸின் உறை ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும், குழல் துருப்பிடிக்கும். கூலியில் பாதியைத் தந்துவிட்டு மீதியைச் சம்பளம் வந்ததும் தருவதாகச் சொன்னார். கடைசியாக ஒன்று கேட்டார், டெலஸ்கோப் மாட்ட மேலே இரண்டு துளை போட்டால் என்னவாம். துரப்பணத்தைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டுத்தான் பதில் சொன்னேன்.